கணக்குத் தலைப்புகளை மொத்தமாக இம்போர்ட் செய்வது எப்படி?

புதிதாக கம்ப்யூட்டர் வாங்கும் சிறு வியாபாரிகள் பலரும் முதலில் செய்ய நினைப்பது கணக்கு எழுதுவதைத்தான். அக்கவுண்டிங் சாப்ட்வேர் ஒன்றை இன்ஸ்டால் செய்துவிடுவார்கள். அடுத்த நிமிடமே அது கேட்கும்: உங்கள் கணக்குத் தலைப்புகள் என்னென்ன? ரொக்கம், வங்கி, வாடகை, சம்பளம், கமிஷன் என்று ஒவ்வொன்றாக டைப் செய்ய ஆரம்பிப்பார்கள். நாற்பது தலைப்பு முடிவதற்குள் கை சோர்ந்துவிடும். இரண்டாம் நாள் பழைய நோட்டுக்கே திரும்பிவிடுவார்கள்.

இதற்கு எளிய வழி இருக்கிறது. எல்லாத் தலைப்புகளையும் ஒரு ஸ்பிரெட்ஷீட்டில் பட்டியலாக அடித்து, ஒரே தடவையில் சாப்ட்வேருக்குள் ஏற்றிவிடலாம். இதைத்தான் 'சார்ட் ஆஃப் அக்கவுண்ட்ஸ்' இம்போர்ட் என்கிறார்கள். ஆனால் ஓர் எச்சரிக்கை. ஒரு தலைப்பைத் தவறான இடத்தில் வைத்தால், அந்தத் தவறும் சேர்ந்தே ஏறும். அதன் பிறகு போடும் ஒவ்வொரு என்ட்ரியும் அந்தத் தவறின் மேல்தான் உட்காரும். அதனால் இந்தக் கட்டுரையில் முதல் பாதி பட்டியலைச் சரியாகத் தயாரிப்பது பற்றி, அடுத்த பாதி அதை ஏற்றுவது பற்றி.

சார்ட் ஆஃப் அக்கவுண்ட்ஸ் என்றால் என்ன?

பழைய பேரேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் ஒரு பெயர் இருக்கும். அந்தப் பெயர்களின் பட்டியல்தான் சார்ட் ஆஃப் அக்கவுண்ட்ஸ். கம்ப்யூட்டரில் இது ஒரு மரம் போல இருக்கும். அடியில் ஐந்து பெரிய கிளைகள்.

1. சொத்து: கையில் இருப்பதும், பிறரிடமிருந்து நமக்கு வர வேண்டியதும்.
2. பொறுப்பு: நாம் பிறருக்குக் கொடுக்க வேண்டியது.
3. மூலதனம்: நாம் போட்ட முதல்.
4. வருமானம்: நாம் சம்பாதித்தது.
5. செலவு: நமக்காக நாம் செலவழித்தது.

முதல் மூன்று கிளைகளும் ஐந்தொகைக்குப் போகும். கடைசி இரண்டும் லாப நட்டக் கணக்குக்குப் போகும். எந்தத் தலைப்பை எந்தக் கிளையில் மாட்டுகிறோம் என்பதை வைத்துத்தான் சாப்ட்வேர் லாபத்தைக் கணக்கிடுகிறது. நாம் மாட்டிய இடம் சரியா என்று அது கேட்காது.

தூத்துக்குடி கிளியரிங் ஆபீஸ் கணக்கு

தூத்துக்குடியில் துறைமுகத்தை நம்பி நடக்கும் தொழில்களில் கிளியரிங் ஏஜெண்ட் தொழில் முக்கியமானது. வெளிநாட்டிலிருந்து முந்திரிக் கொட்டையோ மரத்தடியோ கன்டெய்னரில் வந்து இறங்கினால், சுங்கத் துறையில் பேப்பர் போட்டு சரக்கை வெளியே எடுத்துத் தருவது இவர்கள் வேலை. கஸ்டம் ஹவுஸ் ஏஜெண்ட் என்றிருந்த இவர்களின் சட்டப் பெயர் 2013-ல் கஸ்டம்ஸ் புரோக்கர் என்று மாறியது. ஊரில் இன்றும் கிளியரிங் ஏஜெண்ட்தான்.

அப்படிப்பட்ட ஒரு சிறிய ஆபீஸில் கணக்கை நோட்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு மாற்றிக் கொடுக்கும் வேலை எனக்கு வந்தது. நான் சாப்ட்வேர் இன்ஜினியர். பைலை ஏற்றத் தெரியும். கணக்கு எழுதத் தெரியாது. அவர்களுடைய நோட்டில் இருந்த தலைப்புகளை அப்படியே எடுத்தேன். கப்பல் கம்பெனி கட்டணம், சிஎஃப்எஸ் கட்டணம், லாரி வாடகை, ஆபீஸ் வாடகை, சம்பளம். பெயரைப் பார்த்தால் எல்லாம் செலவு மாதிரிதானே இருக்கிறது? எல்லாவற்றையும் 'செலவு' கிளையில் மாட்டி, ஒரே நொடியில் இம்போர்ட் செய்துவிட்டு நிமிர்ந்தேன்.

கணக்கு எழுதும் அண்ணாச்சி ஸ்கிரீனைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "தம்பி, கைக்கு வர்ற ரூவா எல்லாம் நம்ம ரூவாயா? பார்ட்டி ரூவாயை வேற பையில்லா போடணும்" என்றார்.

அவர் சொன்னது எனக்கு அப்போது புரியவில்லை. ஒரு கன்டெய்னர் கணக்கைப் போட்டுக் காட்டினார். நீங்களும் பாருங்கள். எண்கள் உதாரணத்துக்காகப் போட்டவை.

சரக்கின் சொந்தக்காரர், அதாவது பார்ட்டி, அட்வான்ஸாக 1,00,000 ரூபாய் தருகிறார். அதிலிருந்து கப்பல் கம்பெனிக்கு 38,000 ரூபாய், கன்டெய்னர் வைக்கும் சிஎஃப்எஸ் யார்டுக்கு 22,000 ரூபாய், லாரிக்கு 18,000 ரூபாய் கட்டுகிறார் ஏஜெண்ட். மொத்தம் 78,000 ரூபாய். இது முழுவதும் பார்ட்டியின் செலவு. ஏஜெண்ட் அவர் சார்பில் கட்டியிருக்கிறார், அவ்வளவுதான். ஏஜெண்டின் சம்பாத்தியம் 5,000 ரூபாய் ஏஜென்சி கமிஷன் மட்டுமே.

இப்போது நான் செய்த தவறின் விலையைப் பாருங்கள். 78,000 ரூபாயைச் செலவிலும், பில் தொகை 83,000 ரூபாயை வருமானத்திலும் போட்டால், லாபம் அதே 5,000 ரூபாய்தான் வருகிறது. அதனால் தவறு வெளியே தெரியாது. ஆனால் மாதம் 25 கன்டெய்னர் என்றால் வருடத்துக்கு 300. உண்மையான வரவு 15 லட்சம் ரூபாய். கம்ப்யூட்டர் காட்டும் வரவோ 2 கோடியே 49 லட்சம் ரூபாய்! சேவைத் தொழிலுக்கு ஜிஎஸ்டி பதிவு கட்டாயமாகும் வரம்பு தமிழ்நாட்டில் 20 லட்சம் ரூபாய் என்பதை நினைத்துப் பாருங்கள். கம்ப்யூட்டரில் தலைப்பு மாட்டிய இடம், தொழிலின் அளவையே வேறாகக் காட்டிவிடுகிறது.

வரியிலும் வித்தியாசம் வரும். கமிஷன் 5,000 ரூபாய்க்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி என்றால் 900 ரூபாய். முழு 83,000 ரூபாய்க்கும் போட்டால் 14,940 ரூபாய். ஒரு கன்டெய்னரிலேயே 14,040 ரூபாய் வித்தியாசம். 2017-ன் மத்திய ஜிஎஸ்டி விதிகளில் 33-வது விதி இதைப் பற்றியதுதான். பார்ட்டியின் அனுமதியோடு, அவர் சார்பில் மூன்றாமவருக்குக் கட்டிய தொகையை, பில்லில் தனியாகக் காட்டி, கட்டிய அளவு மட்டுமே வசூலித்தால், அந்தத் தொகையை வரி போடும் மதிப்பில் சேர்க்க வேண்டியதில்லை. இப்படி நடந்துகொள்பவரை 'ப்யூர் ஏஜெண்ட்' என்கிறார்கள். கணக்கில் அந்தத் தொகை தனியாக நிற்காவிட்டால், பில்லில் அதை எப்படித் தனியாகக் காட்டுவது?

மார்ச் 31 அன்று நிலைமை இன்னும் மோசம். அன்றைக்கு 10 கன்டெய்னர்களுக்குப் பணம் கட்டியாகிவிட்டது, பில் இன்னும் போடவில்லை என்று வையுங்கள். 7,80,000 ரூபாய் செலவாக உட்கார்ந்திருக்கும். அதற்கு எதிரான வருமானம் அடுத்த வருடத்தில் வரும். பில் போட்ட வேலைகளில் 15 லட்சம் ரூபாய் கமிஷன், சொந்தச் செலவு 9 லட்சம் ரூபாய் என்றால் 6 லட்சம் ரூபாய் லாபம் காட்ட வேண்டிய ஆபீஸ், 1,80,000 ரூபாய் நஷ்டம் காட்டும். லோன் கேட்டு வங்கிக்குப் போனால் அந்த நஷ்டக் கணக்கைத்தான் நீட்ட வேண்டியிருக்கும்.

இந்தக் கடற்கரைக்கு இது புதிய பாடம் இல்லை. மன்னார் வளைகுடாவில் அரசு முத்துக் குளிப்பு நடந்த நாட்களில் படகு நிறையச் சிப்பி வரும். ஆனால் படகில் வந்த சிப்பி முழுவதும் குளித்தவர்களுக்குச் சொந்தமில்லை. கரையில் மூன்று பங்காகப் பிரிப்பார்கள். இரண்டு பங்கு அரசுக்கு, ஒரு பங்கு குளித்தவர்களுக்கு. 1961-க்குப் பிறகு அந்த முத்துக் குளிப்பு நின்றுவிட்டது. ஆனால் படகில் இருப்பது வேறு, தன் பங்கு வேறு என்ற கணக்கு கிளியரிங் ஆபீஸுக்கும் பொருந்துகிறது.

தலைப்பை மாட்டும் முன் கேட்க வேண்டிய கேள்வி

ஒவ்வொரு தலைப்புக்கும் ஒரே கேள்வி கேளுங்கள்: இந்தப் பணம் கடைசியில் யாருடையது?

* நமக்காகச் செலவழித்தது, திரும்ப வராது என்றால் அது செலவு.
* கொடுத்திருக்கிறோம், திரும்ப வர வேண்டும் என்றால் அது சொத்து.
* வந்திருக்கிறது, ஆனால் திரும்பக் கொடுக்க வேண்டும் என்றால் அது பொறுப்பு.
* வந்தது, நமக்கே நமக்கு என்றால் அது வருமானம்.

இதன்படி கிளியரிங் ஆபீஸின் மரத்தைத் திருத்தி எழுதினோம். சுருக்கமாக இப்படி:

சொத்து
– வங்கி
– ரொக்கம்
– பார்ட்டிக்காகக் கட்டியது
– – கப்பல் கம்பெனி கட்டணம்
– – சிஎஃப்எஸ் கட்டணம்
– – துறைமுகக் கட்டணம்
– – லாரி வாடகை
பொறுப்பு
– பார்ட்டி அட்வான்ஸ்
– கட்ட வேண்டிய ஜிஎஸ்டி
மூலதனம்
– தொடக்க இருப்பு
வருமானம்
– ஏஜென்சி கமிஷன்
– லாரி சர்வீஸ் வரவு
செலவு
– சம்பளம்
– ஆபீஸ் வாடகை
– லாரி வாடகை (நமது)
– பெட்ரோல், போன்

லாரி வாடகை இரண்டு இடத்தில் இருப்பதைக் கவனியுங்கள். லாரிக்காரர் பில்லை அப்படியே பார்ட்டியிடம் வசூலித்தால் அது மேலே உள்ள சொத்துக் கிளைக்குப் போகும். 18,000 ரூபாய்க்கு லாரி பிடித்து, பார்ட்டியிடம் 20,000 ரூபாய் வாங்கினால் அது நம் வியாபாரம். அப்போது கொடுத்தது செலவுக்கும், வாங்கியது லாரி சர்வீஸ் வரவுக்கும் போக வேண்டும். அதை ப்யூர் ஏஜெண்ட் என்று சொல்ல முடியாது. எந்த வேலை எந்த ரகம் என்பதை உங்கள் ஆடிட்டரிடம் ஒரு தடவை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

எந்த சாப்ட்வேர்?

வீட்டில் பழகுவதற்கு க்னூகேஷ் என்ற இலவச சாப்ட்வேர் போதும். 1998-ல் வெளிவந்தது. முதலில் லினக்ஸில் ஓடியது. 2007-ல் விண்டோஸுக்கும் வந்தது. அதன் அதிகாரப்பூர்வ தளத்திலிருந்து மட்டும் டவுன்லோட் செய்யுங்கள். பட்டியல் தயாரிக்க, இதுவும் இலவசமான லிப்ரே ஆபீஸ் கால்க் போதும். எக்ஸெல் வைத்திருப்பவர்கள் அதையே பயன்படுத்தலாம். டாலி பயன்படுத்துவோருக்குக் கட்டுரையின் பின்பகுதியில் தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

முதல் படி: மாதிரி பைல் எடுத்தல்

எந்த சாப்ட்வேராக இருந்தாலும் இந்த உத்தியை நினைவில் வையுங்கள். இம்போர்ட் செய்யும் முன் ஒரு தடவை எக்ஸ்போர்ட் செய்து பாருங்கள். அது வெளியே தரும் வடிவத்திலேயே நாம் உள்ளே கொடுத்தால் தகராறு வராது.

1. க்னூகேஷைத் திறந்து, பைல் மெனுவில் புதிய பைல் தேர்வு செய்யுங்கள். கணக்குகளை அமைக்கும் விஸார்டு ஒன்று வரும்.
2. கரன்ஸியாக இந்திய ரூபாயைத் தேர்வு செய்து, அது தரும் மாதிரிக் கணக்குகளை ஏற்று முடித்துவிடுங்கள். பைலை 'மாதிரி' என்ற பெயரில் சேவ் செய்யுங்கள்.
3. பைல் மெனுவில் எக்ஸ்போர்ட், அதில் 'எக்ஸ்போர்ட் அக்கவுண்ட் ட்ரீ டு சிஎஸ்வி' என்பதை க்ளிக் செய்யுங்கள். பிரிக்கும் குறியாக கமாவைத் தேர்வு செய்து டெஸ்க்டாப்பில் சேவ் செய்யுங்கள்.

சிஎஸ்வி என்பது சாதாரண டெக்ஸ்ட் பைல்தான். ஒரு வரிக்கு ஒரு கணக்கு. விவரங்களுக்கு நடுவே கமா இருக்கும்.

இரண்டாம் படி: பட்டியலை நிரப்புதல்

அந்த பைலை கால்க்கில் திறங்கள். திறக்கும்போது வரும் விண்டோவில் கேரக்டர் செட் யுடிஎஃப்-8 என்று இருக்கட்டும். முதல் வரியில் 12 தலைப்புகள் இருக்கும். பயந்துவிடாதீர்கள். நமக்கு முக்கியமானவை சிலவே.

* டைப்: கணக்கின் வகை. அசெட், பேங்க், கேஷ், லயபிலிட்டி, ஈக்விட்டி, இன்கம், எக்ஸ்பென்ஸ் ஆகியவற்றில் ஒன்று. மாதிரி பைலில் உள்ளபடி ஆங்கிலப் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும். இதைத் தமிழில் எழுதக் கூடாது.
* முழுப்பெயர்: அடிக்கிளையிலிருந்து நுனி வரை, நடுவே முக்காற்புள்ளி வைத்து எழுதுவது. உதாரணம் சொத்து:பார்ட்டிக்காகக் கட்டியது:சிஎஃப்எஸ் கட்டணம்.
* பெயர்: கடைசித் துண்டு மட்டும். சிஎஃப்எஸ் கட்டணம்.
* கோட்: நீங்கள் தரும் எண். சொத்துக்கு 1000, பொறுப்புக்கு 2000 என்று ஆரம்பித்தால் வரிசைப்படுத்த வசதி.
* சிம்பல், நேம்ஸ்பேஸ்: ரூபாய்க்கான மூன்றெழுத்துக் குறியும், கரன்ஸி என்ற சொல்லும். மாதிரி பைலிலிருந்து காப்பி செய்துகொள்ளுங்கள். இது தவறினால் அந்தக் கணக்கு ஏறாது.
* பிளேஸ்ஹோல்டர்: வெறும் கிளையாக மட்டும் இருக்க வேண்டிய தலைப்புக்கு ஆங்கில டி எழுத்து, மற்றவற்றுக்கு எஃப். டி போட்ட தலைப்பில் யாரும் நேரடியாக என்ட்ரி போட முடியாது. 'பார்ட்டிக்காகக் கட்டியது' என்ற தலைப்புக்கு இது அவசியம். இல்லையென்றால் அவசரத்தில் எல்லாவற்றையும் அதிலேயே கொட்டிவிடுவார்கள்.

மாதிரி வரிகளை அழித்துவிட்டு, முதல் வரியை மட்டும் வைத்துக்கொண்டு, உங்கள் தலைப்புகளை நிரப்புங்கள். தாய்க் கிளை எப்போதும் பிள்ளைக் கிளைக்கு மேல் வரியில் இருக்க வேண்டும். சாப்ட்வேர் மேலிருந்து கீழாகத்தான் படிக்கும். பிள்ளையைப் படிக்கும்போது தாய் இல்லையென்றால், பிள்ளையைத் தனி மரமாக வெளியே நட்டுவிடும்.

'பார்ட்டிக்காகக் கட்டியது' கிளையில் உள்ள எல்லாவற்றுக்கும் வகை அசெட் என்று இருக்கட்டும். ரிசீவபிள் என்றொரு வகையும் உண்டு. ஆனால் அது க்னூகேஷிலேயே பில் போடுபவர்களுக்கானது. கையால் என்ட்ரி போடும் தலைப்புகளுக்கு வேண்டாம்.

தமிழில் தலைப்பு வைப்பவர்கள் கவனிக்க

தமிழிலேயே தலைப்பு வைக்கலாம். ஆனால் சில பள்ளங்கள் இருக்கின்றன.

ஒன்று, சேவ் செய்யும் முறை. எக்ஸெலில் சாதாரண சிஎஸ்வியாக சேவ் செய்தால் தமிழ் எழுத்தெல்லாம் கேள்விக்குறியாகிவிடும். 'சிஎஸ்வி யுடிஎஃப்-8' என்று தனியாக உள்ள வகையைத் தேர்வு செய்யுங்கள். கால்க்கில் சேவ் செய்யும்போதும் யுடிஎஃப்-8 தேர்வு செய்யுங்கள்.

இரண்டு, பழைய எழுத்துரு. பல ஆபீஸ்களில் 20 வருடத்துக்கு முந்தைய பட்டியல்கள் பாமினி போன்ற எழுத்துருக்களில் அடித்து வைத்திருப்பார்கள். அவற்றை யுனிகோடாக மாற்றாமல் ஒட்டினால் புரியாத ஆங்கில எழுத்துகளாகத்தான் வரும். முதலில் எழுத்துரு மாற்றி மூலம் மாற்றிக்கொள்ளுங்கள்.

மூன்று, கண்ணுக்குத் தெரியாத வேறுபாடு. யுனிகோடில் 'கொ' என்ற எழுத்தை, ஒகரக் குறியை ஒரே குறியாக வைத்தும் எழுதலாம். கொம்பு, கால் என்று இரண்டு குறிகளாக வைத்தும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். கம்ப்யூட்டருக்கு இவை இரண்டு வேறு பெயர்களாகத் தெரியலாம். தாய்க் கிளையின் பெயரை ஒவ்வொரு வரியிலும் புதிதாக டைப் செய்யாமல் காப்பி செய்து ஒட்டுவதே நல்லது. பெயருக்குப் பின்னால் தெரியாமல் தட்டிய ஸ்பேஸும் இதே குழப்பத்தைத் தரும்.

நான்கு, பெயருக்குள் முக்காற்புள்ளியும் கமாவும் வேண்டாம். முன்னது கிளை பிரிக்கும் குறி, பின்னது கட்டம் பிரிக்கும் குறி. 'பெட்ரோல், போன்' என்று பேப்பரில் எழுதியதை பைலில் இரண்டு தலைப்பாகப் பிரித்துவிடுங்கள்.

ஐந்து, கோட் எண்ணைப் பூஜ்யத்தில் ஆரம்பிக்காதீர்கள். 0101 என்று அடித்தால் ஸ்பிரெட்ஷீட் அதை 101 ஆக்கிவிடும்.

மூன்றாம் படி: இம்போர்ட் செய்தல்

1. க்னூகேஷில் மறுபடியும் புதிய பைல் திறங்கள். இந்தத் தடவை விஸார்டை கேன்சல் செய்துவிடுங்கள். காலியான பைல் கிடைக்கும். ஏற்கெனவே தலைப்புகள் உள்ள பைலில் இம்போர்ட் செய்தால் பழையவை போகாது. புதியவை அவற்றோடு சேர்ந்துகொள்ளும்.
2. பைல் மெனுவில் இம்போர்ட், அதில் 'இம்போர்ட் அக்கவுண்ட்ஸ் ஃப்ரம் சிஎஸ்வி' தேர்வு செய்யுங்கள். புதிய பைல் என்பதால் புக் ஆப்ஷன்ஸ் விண்டோ வரலாம். மாற்றாமல் மேலே போங்கள்.
3. உங்கள் சிஎஸ்வி பைலைக் காட்டுங்கள்.
4. அடுத்து முன்னோட்டம் வரும். முதல் 10 வரிகளை மட்டுமே காட்டும். தலைப்பு வரிகளின் எண்ணிக்கையை 1 என்று வைத்து, பிரிக்கும் குறி கமா என்று தேர்வு செய்யுங்கள். ஒவ்வொரு விவரமும் தன் கட்டத்தில் நிற்கிறதா என்று பாருங்கள்.
5. இம்போர்ட் முடிந்ததும், எத்தனை கணக்குகள் சேர்ந்தன, எத்தனை புதுப்பிக்கப்பட்டன என்று சொல்லும். உங்கள் பட்டியலின் வரி எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள். தவறு இருந்தால் எந்த வரி என்றும் சொல்லும். அதை அவசரத்தில் மூடிவிடாமல் படியுங்கள்.

தவறு இருந்தால் அந்த பைலை விட்டுவிட்டு, சிஎஸ்வியைத் திருத்தி, இன்னொரு காலி பைலில் முதலிலிருந்து ஏற்றுங்கள். என்ட்ரி எதுவும் போடாத இந்தக் கட்டத்தில் அது இரண்டு நிமிட வேலை. ஆறு மாதம் கழித்து என்றால் இரண்டு வார வேலை.

நான்காம் படி: ஒரு கன்டெய்னர் வைத்து சோதனை

மரம் ஏறிவிட்டது என்பதற்காக மரம் சரி என்று அர்த்தமில்லை. பழைய நோட்டிலிருந்து முடிந்துபோன ஒரு வேலையை எடுத்து முழுவதும் போட்டுப் பாருங்கள். நம் உதாரணத்தில்:

* அட்வான்ஸ் வரும்போது: வங்கி பற்று 1,00,000, பார்ட்டி அட்வான்ஸ் வரவு 1,00,000.
* கட்டணங்கள் கட்டும்போது: பார்ட்டிக்காகக் கட்டியது பற்று 78,000, வங்கி வரவு 78,000.
* பில் போடும்போது: பார்ட்டி அட்வான்ஸ் பற்று 83,900, பார்ட்டிக்காகக் கட்டியது வரவு 78,000, கமிஷன் வரவு 5,000, கட்ட வேண்டிய ஜிஎஸ்டி வரவு 900.
* மீதியைத் திருப்பும்போது: பார்ட்டி அட்வான்ஸ் பற்று 16,100, வங்கி வரவு 16,100.

இப்போது லாப நட்ட ரிப்போர்ட் எடுங்கள். வருமானம் 5,000 ரூபாய் மட்டும் காட்ட வேண்டும். 'பார்ட்டிக்காகக் கட்டியது' பூஜ்யமாக இருக்க வேண்டும். பார்ட்டி அட்வான்ஸும் பூஜ்யம். வங்கியில் 5,900 ரூபாய் மிஞ்சும். அதில் 900 ரூபாய் அரசுக்குப் போக வேண்டியது. இப்படி வந்தால் மரம் சரி.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. எந்த நாளில் பார்த்தாலும், 'பார்ட்டிக்காகக் கட்டியது' கிளையில் நிற்கும் தொகை, இன்னும் பில் போடாத வேலைகளின் தொகையாக இருக்க வேண்டும். அதற்கு மேல் நின்றால், யாருக்கோ கட்டிய பணத்தை பில்லில் சேர்க்க மறந்துவிட்டோம் என்று அர்த்தம். அந்த ஆபீஸில் முதல் மாதமே இப்படிச் சில விட்டுப்போன ரசீதுகள் மாட்டின.

தொடக்க இருப்பு

தலைப்புகளை ஏற்றும் சிஎஸ்வியில் தொகைகள் ஏறாது. மார்ச் 31 நிலவரப்படி பழைய நோட்டில் உள்ள மீதிகளை, ஏப்ரல் 1 தேதியிட்டு 'தொடக்க இருப்பு' என்ற தலைப்புக்கு எதிராக நீங்கள் போட வேண்டும். சொத்து, பொறுப்பு ஆகியவற்றுக்கு மட்டுமே தொடக்க இருப்பு உண்டு. வருமானமும் செலவும் ஒவ்வொரு வருடமும் பூஜ்யத்திலிருந்து தொடங்கும்.

டாலி பயன்படுத்துவோருக்கு

நம் ஊர் ஆபீஸ்களில் பெரும்பாலும் இருப்பது டாலிதான். 1986-ல் ஷியாம் சுந்தர் கோயங்காவும் அவர் மகன் பரத் கோயங்காவும் தொடங்கிய பெங்களூரு நிறுவனத்தின் சாப்ட்வேர் இது. டாலியில் கம்பெனி உருவாக்கியதுமே 28 குரூப்கள் தயாராக இருக்கும். அதில் 15 முதன்மை குரூப்கள், 13 துணை குரூப்கள். நாம் உருவாக்கும் ஒவ்வொரு லெட்ஜரையும் இவற்றில் ஒன்றின் கீழ்தான் மாட்ட வேண்டும்.

நான் செய்த தவறு டாலியிலும் எளிதாக நடக்கும். கப்பல் கம்பெனி கட்டணம் என்றதும் கை தானாக 'டைரக்ட் எக்ஸ்பென்சஸ்' குரூப்பைத் தேடும். பார்ட்டிக்காகக் கட்டியது என்றால் அது 'கரண்ட் அசெட்ஸ்' குரூப்பின் கீழ், நீங்கள் உருவாக்கும் தனி குரூப்பில் இருக்க வேண்டும். பார்ட்டி அட்வான்ஸ் 'கரண்ட் லயபிலிட்டீஸ்' பக்கம்.

லெட்ஜர்களை மொத்தமாக ஏற்ற, இம்போர்ட் மெனுவில் மாஸ்டர்ஸ் தேர்வு செய்ய வேண்டும். பழைய பதிப்புகளில் எக்ஸ்எம்எல் பைல் தேவை. டாலிபிரைம் 4.0 முதல் எக்ஸெல் பைலையே நேரடியாகக் கொடுக்கலாம். அதே பெயரில் லெட்ஜர் ஏற்கெனவே இருந்தால் என்ன செய்வது என்று கேட்கும். தொடக்க இருப்பைக் கூட்டிக்கொள்வது, புதிய விவரத்தால் மாற்றுவது, விட்டுவிடுவது என்று வாய்ப்புகள் இருக்கும். கூட்டிக்கொள்ளும் வாய்ப்பை வைத்துக்கொண்டு ஒரே பைலை இரண்டு தடவை ஏற்றினால் தொடக்க இருப்பு இரட்டிப்பாகிவிடும். எதுவானாலும் இம்போர்ட்டுக்கு முன் பேக்கப் எடுக்க மறக்காதீர்கள்.

ஆபீஸ் இல்லாதவர்களுக்கும்

உப்பளம் வைத்திருப்பவர்கள் மழைக்காலத்தில் வேலையாட்களுக்குக் கொடுக்கும் முன்பணத்தைச் செலவில் எழுதிவிடுவதுண்டு. சீசனில் கூலியில் கழிக்கப் போகும் பணம் அது. கழிக்கும் வரை அது சொத்துக் கிளையில்தான் இருக்க வேண்டும். கழிக்கும்போதுதான் கூலிச் செலவாகும்.

வீட்டுக் கணக்குக்கும் இதே கேள்விதான். மாதம் கட்டும் சீட்டுப் பணம் செலவா? இல்லை, திரும்ப வரும். சொத்து. நகையை அடகு வைத்து வாங்கிய பணம் வருமானமா? இல்லை, திருப்ப வேண்டும். பொறுப்பு. அதற்குக் கட்டும் வட்டி மட்டுமே செலவு. இதை மட்டும் சரியாகப் பிரித்து ஒரு மாதம் எழுதிப் பாருங்கள். சம்பளம் எங்கே போகிறது என்பது தெளிவாகத் தெரியும்.

முதலில் வீட்டுக் கணக்குக்கு 20 தலைப்புகள் கொண்ட ஒரு சிஎஸ்வி தயாரித்துப் பழகுங்கள். தவறாக ஏறினால் அழித்துவிட்டு மறுபடி ஏற்றுங்கள். கை பழகிய பிறகு கடைக் கணக்கில் இறங்குங்கள். பட்டியலை கம்ப்யூட்டரில் அடிக்கும் முன் பேப்பரில் எழுதி, ஒவ்வொரு தலைப்புக்கும் பக்கத்தில் 'யாருடைய பணம்?' என்று ஒரு கட்டம் போட்டு நிரப்பிவிடுங்கள். அந்தப் பேப்பரைப் பழைய கணக்கு எழுதுபவர் ஒருவரிடம் காட்டுங்கள். கம்ப்யூட்டர் தெரியாவிட்டாலும், எந்தத் தலைப்பு எங்கே போக வேண்டும் என்று அவர் சொல்லிவிடுவார்.